அவள் திரையை நான் பார்த்த நாட்கள்

எட்டு வருடமாக அந்தக் கணினி மையத்தில் என்னை எல்லாரும் ‘மேடம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் வந்து பத்து நாள் ஆகவில்லை, ‘அக்கா’ ஆகிவிட்டாள். என் வயிற்றெரிச்சல் அங்கேதான் ஆரம்பித்தது. அப்போது யாராவது இதை என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இப்போது நானே சொல்கிறேன்.

கவரைப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போனால், நெடுஞ்சாலையைத் தாண்டி உள்ளே எங்கள் பல்கலைக்கழகம். டிப்ளமோ முடித்த கையோடு லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தவள் நான். நாற்பது கம்ப்யூட்டர், ஒரு பெரிய ஹால், அதன் கோடியில் கதவு வைத்த ஒரு சின்ன அறை. அந்த அறை என்னுடையது. என் வீட்டுக்காரருக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. நான் டிபன் பாக்ஸைப் பையில் போடும்போது அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். சொந்தமாக நாற்காலி, சொந்தமாக அறை, கதவில் என் பதவியை எழுதிய பலகை என்று எனக்கு இருந்த பெருமையெல்லாம் அந்த ஹாலுக்குள்தான் இருந்தது.

அங்கே சட்டம் போடுகிறவளும் நான்தான். புதிதாகச் சேரும் பிள்ளைகள் எல்லாரும் கணினிப் பயன்பாட்டு விதிகள் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். இங்கிலீஷில் இருந்ததை அவர்களுக்குப் புரியும்படி தமிழில் எழுதியது நான். ஒவ்வொரு வருடமும் மைக் பிடித்து அதை வாசிப்பதும் நான்தான். உன் பாஸ்வேர்டை உன் உயிர்த் தோழிக்கும் சொல்லாதே, அடுத்தவர் கணக்கில் நுழையாதே, அடுத்தவர் எழுதியதைத் திருடாதே என்று நான் வாசிக்கும்போது பின்வரிசைகூட வாயை மூடிக்கொண்டு கேட்கும். ஒரு வாக்கியத்தை நானே யோசித்துச் சேர்த்திருந்தேன். ‘ஒருவரின் திரை அவருடைய நோட்டுப்புத்தகம் போன்றது, கேட்காமல் எட்டிப் பார்ப்பது அநாகரிகம்.’ துறைத்தலைவர் அந்த வரியைப் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னார். ஒரு வாரம் மிதந்துகொண்டிருந்தேன்.

அந்த ஹாலுக்கு இரண்டாவது டெக்னீஷியனாக அவள் ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தாள். சொந்தமாக நிலம் வைத்து நெல் போடும் குடும்பம். என்னைவிட ஏழு வயது சின்னவள், பட்டப்படிப்பு படித்தவள். தினமும் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்தாலும், கசங்காத துப்பட்டாவோடு எப்படித்தான் இறங்குவாளோ. வந்ததும் முதல் வேலையாக அப்பாவுக்கு போன் போடுவாள். “நைனா, வந்து சேந்துட்டேன். நாஷ்டா ஆச்சா? மாத்திர போட்டியா?” என்று ஹாலே கேட்கும்படி பேசுவாள். பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். நான் அந்த ஹாலில் எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட சத்தமாகச் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஒப்பந்த ஊழியர்கள். அந்த வருடம் சிஸ்டம் அட்மின் என்று ஒரே ஒரு நிரந்தர இடம் வரப்போகிறது என்றார்கள். எங்கள் இருவரில் ஒருவரைத்தான் துறைத்தலைவர் பரிந்துரைப்பார். எட்டு வருடம் உழைத்த எனக்குத்தான் அது என்று எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அவள் வந்த பிறகு சந்தேகம் வந்துவிட்டது.

பிள்ளைகளுக்கு ஏதாவது தகராறு என்றால் என் அறைக் கதவைத் தட்டுவார்கள். நான் ஒரு ஃபாரம் கொடுத்து, பூர்த்தி செய்து, வகுப்பு ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிவரச் சொல்வேன். அதுதான் முறை. ஆனால் அவள் ஹாலில் முதல் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தாள். என் கதவை அடைவதற்கு அவளைத் தாண்டித்தான் வர வேண்டும். “இன்னா ஆச்சு, உக்காரு, பாக்கலாம்” என்பாள். அவ்வளவுதான், பாதிப் பேர் என் கதவு வரைக்கும் வருவதே இல்லை. வேலை குறைந்ததே என்று சந்தோஷப்படலாம். எனக்கு என் கடையில் வந்து இன்னொருத்தி வியாபாரம் செய்கிற மாதிரி இருந்தது.

என் அறையில் கன்சோல் என்று நாங்கள் சொல்லும் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. ஹாலில் இருக்கும் நாற்பது திரைகளும் அதில் தீப்பெட்டி அளவில் வரிசையாகத் தெரியும். ஒன்றை அழுத்தினால் அந்தத் திரை பெரிதாகும். வகுப்பு நேரத்தில் யார் ப்ரோக்ராம் எழுதுகிறார்கள், யார் கிரிக்கெட் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வாங்கியது. வகுப்பு இல்லாத நேரத்தில் அதைத் திறக்கக்கூடாது. இந்த விதியையும் நான்தான் எழுதினேன்.

அவள் வந்த இரண்டாவது வாரம், ஒரு மதியம். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். திரையைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். யாரோடு பேசிச் சிரிக்கிறாள் என்று தெரிய வேண்டும் போல் இருந்தது. கன்சோலில் முதல் பெட்டியை அழுத்தினேன். ஒன்றுமில்லை, ஒரு பையனின் பஸ் பாஸ் விண்ணப்பம். அதில் அவன் தன் அப்பா பெயர் போட வேண்டிய இடத்தில் தன் பெயரையே போட்டிருந்தான். அதற்குத்தான் சிரிப்பு. மூடியிருக்க வேண்டும். நான் மூடவில்லை. மறுநாளும் திறந்தேன்.

அப்புறம் அது மதியச் சாப்பாட்டோடு சேர்ந்த பழக்கமாகிவிட்டது. ‘மதிய இடைவேளை’ என்ற அட்டையைக் கதவில் மாட்டி, உள்ளே தாழ் போட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் திரையைப் பார்ப்பேன். வீட்டில் இதைப் பற்றி வாய்தவறிக் கொஞ்சம் சொல்லப்போக, என் வீட்டுக்காரர், “இன்னாமே, ஆபீஸ்லயே சீரியல் பாத்துக்கினு கீறியா?” என்று கேலி செய்தார். அன்றைக்கு அவரோடு நான் பேசவில்லை.

பார்த்ததெல்லாம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. சுடிதார் விலை பார்ப்பாள். நெல் விலை பார்ப்பாள். ஃபோல்டர்களுக்கு அழகாகத் தேதி போட்டுப் பெயர் வைத்திருப்பாள். அந்த ஒழுங்கைப் பார்த்துக்கூட எனக்கு எரிந்தது. ஒரு நாள் நெட்வொர்க் பற்றி ஆன்லைனில் ஒரு படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். பாதி முடித்திருந்தாள். டிபன் பாக்ஸைப் பாதியில் மூடினேன். அன்று சாயங்காலமே அதே படிப்பில் நானும் பணம் கட்டிச் சேர்ந்தேன். மூன்றாவது பாடத்தைத் தாண்டவில்லை.

இதோடு நின்றிருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது.

ஒரு நாள் அவள் துறைத்தலைவருக்கு ஒரு மெயில் எழுதிக்கொண்டிருந்தாள். ஹால் கம்ப்யூட்டரில் நுழையும்போது பிள்ளைகள் ஐந்து தடவை பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டால் கணக்கு பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கிற அதிகாரம் என் ஒருத்தியின் ஐடிக்கு மட்டும்தான் இருந்தது. பிள்ளைகளே தங்கள் மொபைலுக்கு வரும் எண்ணை வைத்துத் திறந்துகொள்ளும்படி செய்யலாம், அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று அவள் எழுதிக்கொண்டிருந்தாள். தெளிவாக, படிப்படியாக, இரண்டு பத்தி. மூன்றாவது பத்தியை அவள் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே நான் எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு, மாடிக்குப் போய் துறைத்தலைவரிடம் அதை என் யோசனையாகச் சொல்லிவிட்டேன். “பரவாயில்லையே, நல்லா யோசிச்சிருக்கீங்க” என்றார். அவர் அந்த வார்த்தையைச் சொன்னபோது எனக்கு வெட்கமே வரவில்லை. அது எனக்குச் சேர வேண்டியதுதான் என்று தோன்றியது.

அவள் மெயில் அரை மணி கழித்துப் போய்ச் சேர்ந்தது. மேடம் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள் என்று அவர் பதில் போட்டார். அந்தப் பதிலை அவள் படித்ததையும் நான் பார்த்தேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தை மூடாமல் வைத்திருந்தாள். அடுத்த வாரத்திலிருந்து அவள் ஒரு நோட்டுப்புத்தகம் கொண்டுவந்து அதில் கையால் எழுத ஆரம்பித்தாள். திரையில் ஒன்றும் வருவதில்லை. இவள் எதை மறைக்கிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அந்த யோசனையை நான் செயல்படுத்தவும் இல்லை. சொல்லிவிட்டு வந்தேனே தவிர, எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவளிடம் கேட்க வாய் வரவில்லை. பூட்டிக்கொள்ளும் கணக்குகளைத் திறக்கிற வேலை என்னிடமே இருந்தது.

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் வந்தது. அதை நம்பிப் படிக்கிற பிள்ளைகள் எங்களிடம் நிறைய. அப்பாக்கள் வயல் கூலியிலிருந்து தொழிற்சாலைக்கு வந்தவர்கள், வீட்டில் முதல் தடவையாகக் காலேஜ் பார்க்கிறவர்கள். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, மொபைலில் அந்தப் பக்கம் திறந்தால் பாதியில் நின்றுவிடும். எல்லாரும் எங்கள் ஹாலுக்குத்தான் வந்தார்கள். அவசரத்தில் பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாகப் போட்டுப் பலருக்குக் கணக்கு பூட்டிக்கொண்டது. மணி ஒன்று. அவர்களுக்கு இரண்டு மணிக்குப் பரீட்சை, அது முடியும்போது இணையதளம் மூடியிருக்கும்.

நான் அட்டையை மாட்டித் தாழ் போட்டு உட்கார்ந்திருந்தேன். கதவைத் தட்டினார்கள். “மேடம், மேடம்” என்றார்கள். ஒரு நிமிட வேலை. எழுந்து போய் என் ஐடியைப் போட்டுத் திறந்துவிட்டிருக்கலாம். ஆனால் நான் கன்சோலில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை பேரும் அவளைச் சுற்றி நிற்கிறார்களே, இவள் என்ன செய்யப்போகிறாள் என்று பார்க்கிற ஆசை எனக்கு. என் மொபைல் மேஜையில் அதிர்ந்தது. அவள்தான். எடுக்கவில்லை. திரும்பவும் அதிர்ந்தது. மொபைலைக் குப்புறப் போட்டேன்.

கொஞ்ச நேரம் அவள் திரையில் எதுவுமே அசையவில்லை. அப்புறம் அவள் எழுந்து ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போனாள். என் தீப்பெட்டிகளில் ஒன்றன்பின் ஒன்றாக அவளுடைய ஊழியர் ஐடி மேலே வந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து, பதினொன்று. பூட்டிக்கொண்டவர்களுக்கெல்லாம் தன் ஐடியில் நுழைந்து கம்ப்யூட்டரைத் திறந்து கொடுத்துவிட்டாள்.

அது தப்பு. சந்தேகமே இல்லாமல் தப்பு. ஊழியர் ஐடியில் போனால் எல்லாருடைய மதிப்பெண்ணும், வீட்டு விலாசமும், போன் நம்பரும் உள்ள பொதுக் கோப்பு திறக்கும். பதினொரு பேரில் ஒருவனுக்குக் கை அரித்தால் போதும். நான் அதை நினைத்துப் பதறியிருந்தால் கதவைத் திறந்துகொண்டு ஓடியிருப்பேன். நான் பதறவில்லை. முதலில் அவள் திரையைப் பெரிதாக்கி ஒரு படம் எடுத்தேன். அப்புறம் ஒவ்வொன்றாக மற்ற பெட்டிகளையும் பெரிதாக்கிப் படம் எடுத்தேன். இதை மறைக்க மாட்டேன், எனக்குக் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை.

மறுநாள் காலை துறைத்தலைவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நான் அனுப்பிய படங்களையெல்லாம் தாளில் எடுத்து மேஜையில் பரப்பியிருந்தார்.

“இன்னாம்மா இது?” என்று அவளைக் கேட்டார். “உன் ஐடி பதினோரு மிஷின்ல ஓடுது.”

“ஆமா சார். நான்தான் போட்டுக் குடுத்தேன். தப்புதான். அவங்கெல்லாம் போனதும் லாக்அவுட் பண்ணிட்டேன், பாஸ்வேர்டையும் மாத்திட்டேன். எந்தெந்தப் பசங்கன்னு பேர் எழுதி வெச்சிருக்கேன்.” அந்த நோட்டுப்புத்தகத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

வேறு சாக்கு ஒன்றும் சொல்லவில்லை. என் கதவைத் தட்டியதையோ, எனக்கு போன் போட்டதையோ அவள் சொல்லவே இல்லை. அழுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் நேராக நின்றது எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் என் பக்கம் திரும்பினார். “கணக்கு லாக் ஆனா தொறக்கறது நீங்கதானே? நீங்க எங்க போயிருந்தீங்க?”

“சாப்பிடப் போயிருந்தேன் சார்.”

“எங்க?”

“கேன்டீனுக்கு.”

அவர் ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். வலது கீழ் மூலையில் விரலை வைத்தார். மணி ஒன்று இருபத்திரண்டு என்று இருந்தது. “அப்போ இத எடுத்தது யாரு?”

அவர் விரலைக் கொஞ்சம் நகர்த்தினார். மணிக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் கண் மாதிரி ஒரு சின்னப் படம். “இது இன்னா?”

இதற்காவது பதில் தெரிந்ததே என்று வேகமாகச் சொன்னேன். “அது எல்லா மிஷின்லயும் எப்பவும் இருக்கறதுதான் சார். வால்யூம் மாதிரி, நெட் மாதிரி.”

“எப்பவுமா?”

“எப்பவும் சார். நான் பாத்த அத்தன ஸ்கிரீன்லயும் இருக்கு.”

அவர் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எப்பவும் இருக்காது சார். கன்சோல்ல இருந்து யார்னா பாக்கறப்போதான் அது வரும். பாக்கறத நிறுத்திட்டா போயிடும்.”

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. அந்த மென்பொருளைச் செய்தவர்கள், பார்க்கப்படுகிறவருக்குத் தெரியட்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். நான் எந்தத் திரையைத் திறந்தாலும் அந்தக் கண் இருந்தது, ஏனென்றால் திறந்தது நான். எட்டு வருடத்தில் நான் ஹாலில் உட்கார்ந்து வேலை செய்ததே கிடையாது. அது இல்லாத திரையை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

இரண்டு பேருக்கும் மெமோ வந்தது. அவளுக்கு ஐடியைக் கொடுத்ததற்கு. எனக்கு, கன்சோலை நேரங்கெட்ட நேரத்தில் திறந்ததற்கும் பொய் சொன்னதற்கும். என் மெமோ ஒரு பக்கம் முழுக்க இருந்தது. நான் எழுதிய விதிகளிலிருந்தே இரண்டை எடுத்து அதில் போட்டிருந்தார்கள்.

அன்று மதியம் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அவளை நிறுத்திக் கேட்டேன். “எவ்ளோ நாளா தெரியும் உனக்கு?”

“வந்த ரெண்டாவது வாரத்துல இருந்துக்கா. பஸ் பாஸ் ஃபாரம் போட்டுக்கினு இருந்தேன், கண்ணு வந்துச்சு.”

“ஏன் சொல்லல?”

“இன்னான்னு சொல்றது? நீங்க பெரியவங்க.” பாட்டில் நிரம்பி வழிந்தது, குழாயை மூடினாள். “மொதல்ல பேஜாராத்தான் இருந்துச்சு. ஊட்டுக்குப் போய் நைனா கிட்ட சொல்லி அழுதேன். அப்புறம் ஃபேன் சத்தம் மாதிரி பழகிப்போச்சு.”

“அந்த மெயிலு...”

“அப்பவும் இருந்துச்சுக்கா. அதான் நோட்டு வாங்கினேன்.”

நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள். “நேத்து நீங்க உள்ள கீறீங்கன்னும் தெரியும். நான் போன் அடிக்கறப்போ மஞ்சக் கண்ணு இருந்துச்சு. பசங்க கதவத் தட்டிக்கினே இருக்காங்க, கண்ணும் அப்டியே கீது. வருவீங்க வருவீங்கன்னுதான் ரெண்டு நிமிஷம் சும்மா ஒக்காந்துக்கினு இருந்தேன்.”

“பசங்களுக்கும் தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியும். கண்ணு வந்தா ‘மேடம் வந்துட்டாங்க’ன்னுவாங்க.”

அவள் கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். “அந்த நெட்வொர்க் படிப்ப முடிச்சிட்டியா?” என்றுதான் வந்தது. முடித்துவிட்டேன் அக்கா என்றாள்.

ஆறு மாதத்தில் அந்த நிரந்தர இடம் அவளுக்குப் போனது. மெமோ இருந்தும் போனது. முதல் வாரமே பிள்ளைகள் தாங்களே கணக்கைத் திறந்துகொள்கிற ஏற்பாட்டைச் செய்து முடித்துவிட்டாள். கன்சோல் அறைக்கு அவள் போனாள், ஹாலில் முதல் கம்ப்யூட்டருக்கு நான் வந்தேன். வேலையை விட்டுவிடலாமா என்று வீட்டில் கேட்டேன். “எங்க போனாலும் நீ வயிறெரிய யார்னா ஒருத்தி கெடைப்பா” என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு என்னை நன்றாகத் தெரியும்.

ஹாலில் உட்கார்ந்த முதல் நாளிலிருந்து என் கண் அந்த வலது கீழ் மூலையிலேயே இருந்தது. அவள் பழி வாங்காமல் விடமாட்டாள் என்று காத்திருந்தேன். வகுப்பு நேரத்தில் மஞ்சள் கண் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். மணி அடித்ததும் போய்விடும். மதியத்தில் வந்ததே இல்லை. ஒரு நாள் வேண்டுமென்றே வேறு ஒரு கல்லூரிக்கு வேலை விண்ணப்பம் எழுதினேன். அவளைப் பற்றி இரண்டு வரி அதில் சேர்த்து, எழுத்தைப் பெரிதாக்கி, திரை முழுக்கத் தெரியும்படி ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

கண் வரவில்லை. என் திரையில் பார்ப்பதற்கு அவளுக்கு ஒன்றும் இல்லை. அந்த நிரந்தர இடம் கைவிட்டுப் போனதுகூட இப்போது ஆறிவிட்டது, இது ஆறவில்லை.